ஒரு துளி இரத்தத்தில் வைரஸை ஒளி உணரியால் நேரடியாகக் கண்டறிய முடியுமா?

கேள்வி:
தங்க நானோ துகள்களின் மீது ஒளியைப் பாய்ச்சி, இரத்தத்தில் உள்ள வைரஸைச் சில நிமிடங்களில் கண்டறியலாம் என்று அடிக்கடி படிக்கிறேன். வைரஸ் ஒட்டியதை ஒளி எவ்வாறு உணர்கிறது? ஆய்வகத்தில் நன்றாக இயங்கும் இம்முறை பிசிஆர் சோதனையின் இடத்தை ஏன் இன்னும் பிடிக்கவில்லை?

மறுமொழி 1:
தங்கத் துகளில் உள்ள எலக்ட்ரான்கள் குறிப்பிட்ட ஓர் அலைநீளத்தில் ஒளியோடு சேர்ந்து ஊசலாடுகின்றன. 20 நானோமீட்டர் உருண்டைத் துகளுக்கு அது நீரில் ஏறத்தாழ 520 நானோமீட்டர். அக்கரைசல் மாணிக்கச் சிவப்பாகத் தெரிவது அதனால்தான். துகளின் மேல் ஆன்டிபாடியைப் பூசி வைத்தால், அதற்குரிய வைரஸ் வந்து பற்றும்போது சுற்றுப்புறத்தின் ஒளிவிலகல் எண் மாறி, அந்த அலைநீளம் சிவப்புப் பக்கமாகச் சற்று நகர்கிறது. ஆனால் துகளின் ஒளிப்புலம் சில பத்து நானோமீட்டருக்கு மேல் எட்டாது. ஏறத்தாழ 120 நானோமீட்டர் குறுக்களவுள்ள எச்.ஐ.வி.யின் அடிப்பகுதியை மட்டுமே அது தொட்டுப் பார்க்கிறது.

மறுமொழி 2:
மேலே நண்பர் விளக்கியது தெளிந்த உப்புக்கரைசலில் நடப்பது. இரத்தத்தின் கதை வேறு. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் 540, 577 நானோமீட்டர்களை ஒட்டி ஒளியை உறிஞ்சுவதால், தங்கத்தின் சமிக்ஞையும் அதிலேயே மூழ்கிவிடுகிறது. ஆகவே இரத்த அணுக்களை நீக்கி, பிளாஸ்மா எனும் திரவப் பகுதியைப் பிரித்தெடுக்க வேண்டும், அல்லது நீள்வடிவத் துகள்களைக் கொண்டு அகச்சிவப்பை நோக்கி நகர வேண்டும். அப்போதும் ஒரு லிட்டர் பிளாஸ்மாவில் 60 முதல் 80 கிராம் வரை புரதம் இருக்கிறது. அது தங்கத்தின் மேல் படிந்தாலும் அலைநீளம் அதே திசையில்தான் நகரும். வைரஸே கலக்காத பிளாஸ்மாவைச் செலுத்தியபோது திரையில் கோடு மேலேறியதையும், கழுவிய பின்னும் அது பழைய இடத்துக்கு இறங்காமல் நின்றதையும் நானே பார்த்திருக்கிறேன். பாலிஎத்திலீன் கிளைக்கால் பூச்சு இதைக் குறைக்கும், ஒழிக்காது.

மறுமொழி 3:
என் பார்வையில் பெரிய தடை ஒளியியலில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. மில்லிலிட்டருக்கு 50 ஆர்.என்.ஏ. படிகள் (வைரஸின் மரபுப்பொருள் நகல்கள்) என்ற அளவில் எச்.ஐ.வி. இருந்தால், 20 மைக்ரோலிட்டர் துளியில் சராசரியாக ஒரே ஒரு படிதான் கிடைக்கும். ஒரு வைரஸில் இரண்டு படிகள் இருப்பதால் அது பாதி வைரஸுக்குச் சமம். துளியிலேயே இல்லாததை எந்த உணரியும் காட்டாது. பிசிஆர் கூடுதல் இரத்தத்தை எடுத்து, மரபுப்பொருளைப் பிரித்து, பல மடங்கு பெருக்கிய பிறகே பார்க்கிறது. எனவே வைரஸைத் தேடுவதை விட, நோயின் தொடக்க நாட்களில் அது இரத்தத்தில் ஏராளமாகக் கொட்டும் புரதத்தைத் தேடுவதே ஒளி முறைக்கு ஏற்றது. டெங்குவின் என்எஸ்1 புரதம் நல்ல எடுத்துக்காட்டு.

கேள்வி கேட்டவர்:
அப்படியென்றால் டெங்கு விரைவுச் சோதனைப் பட்டையில் தோன்றும் சிவப்புக் கோடும் இதே தங்கம்தானா?

மறுமொழி 3:
பெரும்பாலான பட்டைகளில் ஆம். ஆன்டிபாடி பூசிய தங்கத் துகள்கள் கோட்டில் சிக்கிக் குவிவதையே நாம் நிறமாகக் காண்கிறோம். அங்கே அலைநீள மாற்றத்தை யாரும் அளப்பதில்லை.