மறு: ‘பாட்டில் எபிசோடு’க்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

டிவி தொடரில் ஒரு வாரம் மட்டும் கதை முழுக்க ஒரே இடத்துக்குள் முடிந்துவிடுமே, அதைத்தான் இங்கிலீஷில் ‘பாட்டில் எபிசோடு’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். சொற்கள் வரிசையாக வருகின்றன. எந்தப் பொருளுக்கு என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. அதனால் நேற்று இரவு ‘போரிட்ஜ்’ என்ற பழைய பிரிட்டிஷ் சிறை நகைச்சுவைத் தொடரில் ‘எ நைட் இன்’ பகுதியை மறுபடி போட்டுப் பார்த்தேன். எத்தனையாவது முறை என்று என் வீட்டில் கேட்டுவிடாதீர்கள்.

> புட்டி அத்தியாயம் என்று நேராகச் சொல்லிவிடலாமே?

வேண்டாம் ஐயா. நமக்குப் புட்டி என்றால் ஒன்று பால்புட்டி, இல்லாவிட்டால் மற்றது. ‘ராத்திரி ஒரு புட்டி அத்தியாயம் பார்த்தேன்’ என்று எழுதினால் எத்தனை மில்லி என்றுதான் பதில் வரும். இங்கிலீஷ்காரருக்கே விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிற உருவகத்தை நாம் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்?

> செலவைக் குறைக்க எடுப்பது. ஆகவே சிக்கனப் பகுதி.

இது கணக்குப்பிள்ளை வைத்த பெயர். ஏற்கெனவே போட்ட அரங்கு, இரண்டு மூன்று நடிகர்கள், வெளிப்புறப் படப்பிடிப்பு கிடையாது, ஆகவே பணம் மிச்சம். எல்லாம் சரிதான். ஆனால் பார்க்கிறவனுக்கு அதுவா தெரிகிறது?

‘எ நைட் இன்’ 1974இல் பிபிசியில் வந்தது, முதல் பருவத்தில் மூன்றாவது. எழுதியவர்கள் டிக் கிளெமென்ட், இயன் லா ஃப்ரெனே. சிலேடு என்ற கற்பனைச் சிறை. ஐந்து வருடத் தண்டனையில் இருக்கும் பழம்பெருச்சாளி ஃபிளெட்சராக ரோனி பார்க்கர். முதல் தடவையாக உள்ளே வந்து இரண்டு வருடம் கழிக்க வேண்டிய காட்பராக ரிச்சர்ட் பெக்கின்சேல். மற்ற வாரங்களில் சிறை முழுக்கச் சுற்றுவோம்: நடைபாதை, சாப்பாட்டுக்கூடம், மெக்கே என்ற அதிகாரியின் அதட்டல். இந்த வாரம் கதவைப் பூட்டிவிடுகிறார்கள். அப்புறம் ஓர் அறை, மேலும் கீழுமாக இரண்டு படுக்கை, இரண்டு பேர், இருட்டு. பையனுக்குத் தூக்கம் வரவில்லை. கதவு சாத்தப்படுவதை அவனால் தாங்க முடியவில்லை. பெரியவர் சொல்லும் யோசனை என்ன தெரியுமா? இன்றைக்கு வெளியே போக வேண்டாம் என்று நீயே முடிவு செய்து வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொள், அவ்வளவுதான். பையன் உடனே கணக்குப் போடுகிறான், இப்படி இன்னும் அறுநூற்றுச் சொச்சம் ராத்திரி இருக்கிறதே என்று.

பார்வையாளர்களின் சிரிப்பு அங்கங்கே அடங்கிப் போகும். நகைச்சுவைத் தொடரில் அப்படி அடங்கவிட ஒரு தைரியம் வேண்டும்.

தலைப்பிலும் ஒரு குறும்பு உண்டு. வெளியே போகாமல் வீட்டிலேயே கழிக்கும் இரவு என்றும் படிக்கலாம், உள்ளே கழிக்கும் இரவு என்றும் படிக்கலாம். நம்மிடமும் ‘அவன் உள்ளே இருக்கிறான்’ என்றால் இரண்டு பொருளும் வருகிறது அல்லவா? இதை யோசித்தபோதுதான் போன மடலில் ஒருவர் சொன்ன ‘உள்ளிருப்புக் கதை’ எனக்குக் கொஞ்சம் பிடித்துப்போனது. ஆனால் உள்ளிருப்பு என்றதும் போராட்டம் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. விட்டுவிடுவோம்.

> ஓரறைக் கதை?

அழகான சொல். ஆனால் இரண்டு பக்கமும் ஓட்டை. ‘ஒன் ஃபுட் இன் த கிரேவ்’ என்ற இன்னொரு பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடரில் 1992இல் வந்த ஒரு பகுதி முழுக்கப் போக்குவரத்து நெரிசலில் மாட்டிய காருக்குள்ளேயே நடக்கிறது. அங்கே அறை ஏது? ஆனாலும் அது இந்த இனம்தான். 1961இல் நகைச்சுவை நடிகர் டோனி ஹான்காக் தன் தொடரில் லிஃப்டில் ஒரு கூட்டத்தோடு மாட்டிக்கொண்ட பகுதியும் அப்படியே. அதே சமயம் ‘த ராயல் ஃபேமிலி’ தொடரை எடுத்துக்கொள்ளுங்கள் (அரச குடும்பம் இல்லை, Royle என்ற சாதாரணக் குடும்பம்). 1998இல் வந்த முதல் பருவம் முழுக்க மான்செஸ்டரில் ஒரு வீட்டை விட்டு வெளியே வராது. பெரும்பாலும் ஒரே கூடம், ஒரே சோபா, ஒரே டிவி. அதில் ஒரு வாரத்தைப் பிடித்து இது ஓரறைக் கதை என்றால் என்ன அர்த்தம்? எல்லா வாரமும் அதுதானே.

ஆகவே அறை முக்கியமில்லை. வழக்கமாக வெளியே உலவுகிற தொடர் ஒரு வாரம் மட்டும் அடைபட்டுக் கிடக்க வேண்டும். ‘ஓரங்கம்’ ஒத்துவராததும் இதனால்தான். ஓரங்க நாடகம் தனியாக நிற்கும், இது தொடருக்குள் இருந்தால்தான் இது.

நான் முன்வைப்பது ‘அடைகதை’.

அடைமழை என்கிறோம். அந்த ‘அடை’க்கு வேறு வேர் இருக்கலாம், தெரிந்தவர்கள் திருத்துங்கள். என் காதுக்கு அது ஆளை வீட்டுக்குள் அடைத்துப்போடும் மழை. அடைகோழி இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. ஊரெல்லாம் மேய்ந்த கோழி திடீரென்று ஒரு மூலையில் உட்கார்ந்துவிடும், விரட்டினாலும் எழாது. தொடரும் அந்த வாரம் அதைத்தான் செய்கிறது. அடைகோழி போலவே நடுவில் க் மிகாது, ‘அடைக்கதை’ என்று எழுதிவிடாதீர்கள். ‘அடைப்புக்கதை’யும் வேண்டாம், சாக்கடை ஞாபகம் வருகிறது. இன்னொரு வசதி, எபிசோடுக்கு அத்தியாயமா பகுதியா என்ற பழைய சண்டைக்குள் போகாமலே ‘இந்த வாரம் அடைகதை’ என்று சொல்லிவிடலாம்.

அவியல் எங்கே என்று கேட்கப்போகிறவர்கள் இப்போதே கேட்டுவிடுங்கள்.

எனக்கே ஓர் இடத்தில் இடிக்கிறது. ‘போரிட்ஜ்’ தொடராவதற்கு முன்னால், 1973இல், ‘பிரிசனர் அண்ட் எஸ்கார்ட்’ என்று வெள்ளோட்டமாக ஒரு கதை வந்தது. ஃபிளெட்சரைச் சிறைக்குக் கூட்டிப் போகும் வண்டி வழியில் நின்றுபோக, பேரோகிளஃப் என்ற சாதுவான அதிகாரியோடு ஆளில்லாத ஒரு வீட்டில் அவன் இரவைக் கழிக்க வேண்டி வருகிறது. ஆசாமி தப்பி ஓடி, ராத்திரியெல்லாம் இருட்டில் நடந்து, கடைசியில் ஒரு வீட்டைக் கண்டு ஜன்னல் வழியாக உள்ளே குதித்தால், அது அதே வீடு. இதை அடைகதை என்று சொல்லத்தான் கை துறுதுறுக்கிறது. ஆனால் அப்போது தொடரே இல்லையே, நான் போட்ட விதிப்படி சேர்க்க முடியாது. விதியைத் தளர்த்தலாமா, இதை வெளியே நிறுத்தலாமா? பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.