போர்க்கப்பல் முதுகில் இவ்வளவு பொடிச்சாமான் தேவையா?

விண்ணோடி:
ஒரு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செய்த கப்பல். பேட்டில்ஃப்ளீட் காதிக் என்ற விண்கப்பல் மேசை ஆட்டத்தின் பழைய பிளாஸ்டிக் குரூசர் (நடுத்தரப் போர்க்கப்பல்) இரண்டை எடுத்து, ஒன்றின் மூக்கையும் மற்றதன் எஞ்சினையும் அறுத்துவிட்டு, நடுவில் தகடு கொடுத்து நீளவாக்கில் இணைத்தேன். மொத்தம் 17 செ.மீ. வந்தது. அதன் மேல் டாங்க் கிட்டில் மிஞ்சிய சங்கிலிப் பட்டை, ரயில் பெட்டி மாடலின் அடிப்பாகச் சாமான்கள், குழாய்களுக்குக் கிட்டார் கம்பி, 0.25 மி.மீ. பிளாஸ்டிக் தகட்டில் வெட்டிய சதுரங்கள். முந்நூறு தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

நேற்று முதல்முறையாக மேசையில் இறக்கினேன். வழக்கமாக என்னோடு ஆடுபவர் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டு, "இதுல பீரங்கி எது, லான்ஸ் எது? சரி, முன்பக்கம் எது?" என்றார். (லான்ஸ் என்பது கதிர் பாய்ச்சும் ஆயுதம்.) சுருக்கென்று இருந்தது. மூன்றாவது சுற்றில் நானே ஒரு பக்கத்து ஆயுதத்தை மாற்றிச் சொன்னேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தப்பு என்னுடையதா, அவருடைய கண்ணுடையதா?

தகடுவெட்டி:
படம் பார்த்தேன், அபார வேலை. தப்பு அவர் கண்ணுடையதுதான்!

பொடிச்சாமான் இல்லாத விண்கப்பல் சோப்புக்கட்டி மாதிரி இருக்கும். யானை பக்கத்தில் பாகன் நின்றால்தானே யானை எவ்வளவு பெரிது என்று தெரியும்? 1977-ல் ஸ்டார் வார்ஸ் முதல் படத்துக்கு மாடல் செய்தவர்களும் டாங்க், கார், கப்பல் கிட்களை உடைத்து உதிரிகளை ஒட்டித்தான் கப்பல்களை எழுப்பினார்கள். தொடக்கக் காட்சியில் தலைக்கு மேல் முடிவே இல்லாமல் நகரும் அந்த முக்கோணக் கப்பலின் மாடல் ஏறக்குறைய 90 செ.மீ. நீளம்தான். அதைக் கிலோமீட்டர் கணக்கில் நீளமானதாக நம்ப வைத்தது எது? இந்தச் சில்லறைச் சாமான்தான்.

மேசைத்தளபதி:
படத்தில் கேமரா கப்பலை உரசிக்கொண்டு போகும். மேசையில் என் மூக்கு அப்படிப் போகாது. என் கப்பல் என்றால் ஒரு கை தூரம், எதிராளி கப்பல் என்றால் ஒரு மீட்டர். அதுவும் பார்ப்பது மேலிருந்து.

விண்ணோடி எடுத்திருக்கும் கிட்டையே பாருங்கள். 1999-ல் அந்த ஆட்டம் வந்தபோது ஒரே குரூசர் உடலுக்குப் பக்கவாட்டு ஆயுதத் துண்டுகளை மாற்றி மாற்றிப் பொருத்திக்கொள்ளும்படி கொடுத்தார்கள். பீரங்கி வரிசையும் லான்ஸும் கலந்திருந்தால் லூனார் வகுப்பு. எல்லாமே லான்ஸ் என்றால் காதிக் வகுப்பு. விமானத் தளம் இருந்தால் டிக்டேட்டர். அந்த ஒரு துண்டில்தான் கப்பலின் பெயரே இருக்கிறது. அதன் மேல் டாங்க் சங்கிலியை ஒட்டினால் எதிரில் இருப்பவன் ஒவ்வொரு சுற்றிலும் உங்களிடம் விசாரணை நடத்த வேண்டியதுதான். கண்ணுக்குத் தெரிவதுதான் கணக்கு. இது மேசை விளையாட்டின் அடிப்படை மரியாதை.

தகடுவெட்டி:
மரியாதை என்று பெரிய வார்த்தை போடாதீர்கள் தளபதி. அதே ஆட்டத்தில் தூரம் அளப்பது கப்பலைத் தாங்கி நிற்கும் அடித்தட்டின் தண்டிலிருந்து, கப்பலின் மூக்கிலிருந்து அல்ல. 2012-ல் வந்த எக்ஸ்-விங் என்ற ஸ்டார் வார்ஸ் ஆட்டத்தில் சுடும் கோணம் 40 மி.மீ. சதுர அடித்தட்டின் அட்டையிலேயே அச்சாகி வந்தது. இறக்கையைத் தலைகீழாக ஒட்டினாலும் விதிக்கு ஒன்றும் ஆகாது. ஃபுல் த்ரஸ்ட் என்ற ஆட்டமோ இன்னும் தாராளம், எந்த நிறுவனத்தின் கப்பலையும் வைத்து ஆடலாம், நீங்களே வடிவமைத்ததையும் வைக்கலாம். கணக்கெல்லாம் தாளில் இருக்கிறது. அட்டைத் துண்டில் "குரூசர்" என்று எழுதி வைத்தாலும் ஆட்டம் நடக்கும். நடந்தும் ஏன் மாடல் செய்கிறோம்? அழகுக்குத்தானே!

மேசைத்தளபதி:
அட்டைத் துண்டில் எழுதினால் படிக்கவாவது முடியும். விண்ணோடி கப்பலில் அதுவும் முடியவில்லையே.

பழைய ஈயம்:
தம்பிகளா, சண்டைக்கு நடுவில் அளவுகோலை ஒருவரும் கையில் எடுக்கவில்லையே.

பேச்சுக்கு அளவு 1/3000, அதாவது நிஜத்தில் மூவாயிரத்தில் ஒரு பங்கு, என்று வைத்துக்கொள்வோம். 1.75 மீட்டர் ஆள் 0.6 மி.மீ. கூட வர மாட்டான். விண்ணோடி ஒட்டியிருக்கும் 0.25 மி.மீ. தகடு நிஜத்தில் 75 செ.மீ. கனமான இரும்பு. கத்தி முதுகால் கீறிய 0.3 மி.மீ. பேனல் கோடு 90 செ.மீ. அகலமுள்ள வாய்க்கால், உள்ளே ஆள் நடக்கலாம். 4 மி.மீ. சங்கிலித் துண்டு 12 மீட்டர், அதாவது நாலு மாடி. ஆக, அவர் முந்நூறு பொடிச்சாமான் ஒட்டவில்லை. முந்நூறு கட்டடம் கட்டியிருக்கிறார், நடுவில் ஒரு தெருகூட விடாமல்.

அதே தகட்டை எக்ஸ்-விங்கின் 1/270 அளவுச் சண்டை விமானத்தில் ஒட்டுங்கள். 7 செ.மீ. கனம்தான். ஆளும் 6.5 மி.மீ. உயரம் இருப்பான். அங்கே கதவு, கைப்பிடி, மூடி எல்லாம் நியாயம். சின்ன விமானத்தில் பழகிய கை பெரிய கப்பலுக்கு வரும்போது அதே சாமானை அதே நெருக்கத்தில் ஒட்டுகிறது. வினையே அதுதான்.

தகடுவெட்டி சொன்ன முக்கோணக் கப்பலையே நினைத்துப் பாருங்கள். மேல்தளம் பெரும்பாலும் வெறும் தகடு, மெல்லிய கோடுகள் மட்டும். சாமான்கள் எல்லாம் பக்கவாட்டு விளிம்பின் பள்ளத்திலும் பின்னால் எழும்பி நிற்கும் கட்டடத்தைச் சுற்றியும்தான் மொய்த்துக் கிடக்கும். வெறுமை பக்கத்தில் இருப்பதால்தான் அந்த நெரிசல் பெரிதாகத் தெரிகிறது.

தகடுவெட்டி:
ஐயா, உங்கள் கணக்கை அப்படியே பிடித்துக்கொண்டால் பீரங்கியே மிஞ்சாது. கடலுக்கு வருவோம். யமாட்டோ போர்க்கப்பல் 263 மீட்டர். 1/3000-ல் 8.8 செ.மீ. அதன் பீரங்கி வாய் 46 செ.மீ., அதே அளவில் 0.15 மி.மீ. அப்படி வார்த்தால் அச்சிலிருந்து எடுக்கும்போதே ஒடியும், ஒடியாவிட்டாலும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் அந்த அளவில் யார் செய்தாலும் குழாயைத் தடிப்பாகத்தான் செய்கிறார்கள். மிகைப்படுத்துவதுதான் இந்தக் கலையே.

பழைய ஈயம்:
ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாதத்தை நீங்களே என் கையில் கொடுத்துவிட்டீர்கள். தடிப்பாகச் செய்தது பீரங்கியைத்தானே? ஏணியையும் கைப்பிடிக் கம்பியையும் இல்லையே?

மேசைத்தளபதி:
இதைத்தான் நான் இரண்டு பதிவாகச் சொல்லத் தெரியாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிசின்பித்தன்:
இன்னுமா டாங்க் சங்கிலியை ஒட்டிக்கொண்டிருக்கிறீர்கள்? ரெசின் 3டி பிரிண்டரில் 0.05 மி.மீ. அடுக்கில் மொத்தக் கப்பலையும் எடுத்துவிடலாம். வெட்ட வேண்டாம், ஒட்ட வேண்டாம், பட்டி பார்க்க வேண்டாம்.

விண்ணோடி:
அதுவும் செய்து பார்த்தவன்தான். திரையில் கப்பலை மேசை அகலத்துக்குப் பெரிதாக்கிவைத்து ஜன்னல் ஜன்னலாகச் செதுக்கினேன். பிரிண்ட் எடுத்து, ஆல்கஹாலில் கழுவி, புற ஊதா விளக்கில் காயவைத்து, பிரைமர் (அடிவண்ணம்) அடித்ததும் பாதி ஜன்னல் காணோம். திரையில் எவ்வளவு பெரிதாக்கிப் பார்க்கிறோம் என்பதே மறந்துவிடுகிறது. கழுவும்போது கையுறை போடாமல் விட்டு விரலெல்லாம் தடித்துப்போனது தனிக்கதை. எப்படியும், முன்பக்கம் எது என்ற கேள்வி பிரிண்டரில் எடுத்தாலும் வரத்தான் செய்யும்.

பிசின்பித்தன்:
கையுறை போடாதது பிரிண்டரின் குற்றம் இல்லையே.

மேசைத்தளபதி:
விண்ணோடி, ஒரு சோதனை செய்யுங்கள். பிளாஸ்டிக், உலோகம், கம்பி என்று ஆளுக்கொரு நிறத்தில் இருப்பதை முதலில் ஒரே சாம்பல் பிரைமருக்குள் கொண்டுவாருங்கள். பிறகு நேர் மேலிருந்து ஒரு படம் எடுத்து, கைப்பேசியில் தபால்தலை அளவுக்குச் சுருக்குங்கள். அந்த அளவில் மூக்கு, எஞ்சின், பக்கவாட்டு ஆயுதம் மூன்றும் பிரிந்து தெரிந்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

தகடுவெட்டி:
இந்தச் சோதனைக்கு நான் எதிர்ப்பு. சாம்பல் பூசிவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்றால்? வண்ணம் என்று ஒன்று எதற்கு இருக்கிறது? லான்ஸ் முனைக்கு ஒரு நிறம், பீரங்கி வரிசைக்குக் கருமை, எஞ்சின் வாய்க்கு நீலம். பளபளப்பு வார்னிஷ் மேல் எண்ணெய் வாஷ் (நீர்த்த வண்ணம்) விட்டால் பள்ளம் தேடித் தானாக ஓடும், மேடுகளில் டிரைபிரஷ் (காய்ந்த தூரிகையில் கொஞ்சம் வண்ணம்) தட்டினால் மொத்தமும் பிரிந்துவிடும். உருவத்தை அறுக்காமல் தூரிகையால் தீர்க்கக்கூடியதுதான் இது.

பழைய ஈயம்:
டிரைபிரஷ் எல்லா மேட்டையும் ஒன்றுபோலத்தான் தூக்கிக் காட்டும் தம்பி. முந்நூறு மேடு இருந்தால் முந்நூறும் ஒன்றாக மின்னும், லான்ஸ் முனை அந்தக் கூட்டத்தில் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். நானே இப்படி ஒரு கப்பலைப் பாழாக்கியவன். தூரத்திலிருந்து பார்த்தால் உப்புத்தாள் சுற்றிய மரக்கட்டை மாதிரி இருந்தது.

விண்ணோடி:
நடுவில் ஒரு சிக்கல். நேற்று ஆட்டம் முடியும்போது தண்டு ஒடிந்தது. கப்பல் மேசையில் மோதி ஒரு கோபுரம் தெறித்து எங்கேயோ போய்விட்டது, இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். உலோகச் சாமான் எல்லாம் பின்பக்கமே சேர்ந்துவிட்டது போல. ஒளிபுகும் பிளாஸ்டிக் தண்டுதான் கிட்டோடு வந்தது.

பழைய ஈயம்:
அந்தத் தண்டு வெறும் பிளாஸ்டிக் உடலுக்குப் போதும், உலோகம் ஏற்றிய இரட்டை உடலுக்குப் போதாது. உருண்டைப் பென்சிலை மேசையில் வைத்து, அதன் மேல் கப்பலைக் குறுக்காக வைத்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். எங்கே தராசு முள் போல நிற்கிறதோ அங்கே அடையாளம் இட்டு, கைத்துளையியால் துளை போடுங்கள். 2 மி.மீ. பித்தளைக் கம்பியை அதில் செருகுங்கள். துளை 6, 7 மி.மீ. ஆழமாவது போகட்டும். அடித்தட்டின் கீழே இரும்பு வாஷர் இரண்டு ஒட்டினால் தட்டிவிட்டாலும் சாயாது. தூரம் அளப்பது தண்டிலிருந்து என்பதால், தண்டு எங்கே நிற்கிறது என்பதை ஆடுவதற்கு முன்பே எதிராளிக்குக் காட்டிவிடுங்கள்.

மேசைத்தளபதி:
காட்டியே ஆக வேண்டும். 17 செ.மீ. கப்பலில் தண்டு பின்னால் போனால் மூக்கு எங்கோ முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், பார்க்கிறவன் தூரத்தைத் தப்பாகக் கணிப்பான். அழகுக்கும் விதிக்கும் சம்பந்தமில்லை என்றாரே தகடுவெட்டி, இதோ இருக்கிறது சம்பந்தம்.

தகடுவெட்டி:
எடையின் சம்பந்தம் அது. அழகின் தலையில் கட்டாதீர்கள்.

விண்ணோடி:
மூன்று நாள் கழித்து வருகிறேன். தபால்தலைச் சோதனை செய்தேன். எஞ்சின் தெரிந்தது. மற்றதெல்லாம் சுருங்கிய முள்ளம்பன்றி. மனசைக் கல்லாக்கிக்கொண்டு கொஞ்சம் கழற்றலாம் என்று இறங்கினேன்.

சூப்பர் க்ளூ குளிரில் நொறுங்கும் என்று தெரியும். கப்பலை உறையில் போட்டு ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் வைத்தேன். காலையில் கத்தி முனையைக் கீழே கொடுத்து நெம்பியதும் கிட்டார் கம்பி, உலோகத் துண்டுகள் எல்லாம் பட் பட்டென்று தெறித்து வந்தன. பிளாஸ்டிக் சிமெண்டில் போட்ட தகடுகளோ ஒன்றுகூட அசையவில்லை. அது ஒட்டுவதில்லை, இரண்டு பிளாஸ்டிக்கையும் உருக்கி ஒரே துண்டாக்கிவிடுகிறது. சரி, இருக்கட்டும் என்று விட்டேன்.

ஆக, எது போக வேண்டும் என்று நான் முடிவு செய்யவில்லை, பசை முடிவு செய்தது. இடது பக்கம் ஏறக்குறைய மொட்டை. அங்கங்கே பசைத் தழும்பு, அரத்தால் தேய்த்துப் பட்டி வைத்திருக்கிறேன். வலது பக்கம் கோபுரத்தடியில் மட்டும் தகடுகள் குவிந்து நிற்கின்றன. லான்ஸ் மூன்றையும் பித்தளைக் குழாயில் புதிதாக, பழையதைவிடத் தடிப்பாகச் செய்து வெறுந்தகட்டின் நடுவில் நிறுத்தினேன். ராத்திரி விளக்கில் தள்ளி நின்று பார்த்தபோது கப்பல் முன்பைவிட நீளமாகத் தெரிந்தது, ஒரு மில்லிமீட்டர்கூடச் சேர்க்காமலே.

தகடுவெட்டி:
முதல் படத்தைக் கைப்பேசியில் சேமித்துவைத்தவன் நான். எனக்கு அதுதான் கப்பல். மொட்டைப் பக்கத்தில் பத்துத் துண்டையாவது திரும்ப ஒட்டுங்கள், பார்க்கப் பாவமாக இருக்கிறது.

பழைய ஈயம்:
பத்து வேண்டாம், மூன்று. மூன்றும் ஒரே மூலையில்.

விண்ணோடி:
பிரைமர் காயட்டும், பார்க்கலாம். தெறித்துப்போன கோபுரம் நாற்காலி சக்கரத்துக்கு அடியில் கிடைத்தது. அதை எங்கே வைப்பது என்றுதான் யோசிக்கிறேன்.

மேசைத்தளபதி:
வைத்த பிறகு ஒரு படம் போடுங்கள். மேலிருந்து எடுத்தது.