கண் எரியாத சன்ஸ்கிரீன் எது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். என் மகளுக்கு 7 வயது, பிறவியிலேயே அல்பினிசம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் மிகக் குறைவு என்பதால், வெயில் பட்டுக்கொண்டே இருந்தால் பிற்காலத்தில் தோல் புற்றுநோய் ஆபத்து அதிகம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எஸ்பிஎஃப் 50 தடவித்தான் பள்ளிக்கு அனுப்புகிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி தடவ வேண்டும். பி.டி. பீரியடோ பதினொன்றரைக்கு! வியர்வையோடு கண்ணில் இறங்கி எரிகிறது என்று துடைத்துவிடுகிறாள். சாயங்காலம் பார்த்தால் காது மடலும் பின்கழுத்தும் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருக்கின்றன.

ஜிங்க் ஆக்சைடு உள்ள சன்ஸ்கிரீன் க்ரீம் யாராவது பயன்படுத்துகிறீர்களா? ஒரு ட்யூப் பத்து நாள்கூட வருவதில்லை, விலையையும் சொல்லுங்கள். அப்புறம், தொப்பிக்கும் முழுக்கைச் சட்டைக்கும் பள்ளியில் எப்படி அனுமதி வாங்கினீர்கள்?

(சிவப்பழகு க்ரீம் விற்பவர்கள் இன்பாக்ஸுக்கு வர வேண்டாம், ப்ளீஸ்.)