கால்பந்து ஃபிரெண்ட்லி மேட்சுக்கு வெளியூர் போவது செலவுக்குத் தகுமா? (பெங்களூரிலிருந்து இரண்டு பேர்)

அல்சூர்_ஏரிக்கரை:
இந்திய அணியோ வெளிநாட்டுப் பெரிய அணியோ கொச்சி, கொல்கத்தா, ஷில்லாங் பக்கம் ஃபிரெண்ட்லி ஆட வந்தால் போகலாமா என்று யோசனை. டிக்கெட், ரயில், ரூம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 6,000 ரூபாய்க்குள் முடிய வேண்டும். பாயிண்ட் கிடையாது, கோப்பை கிடையாது, இடைவேளைக்குப் பிறகு முக்கியமான ஆட்கள் எல்லாம் வெளியே போய்விடுவார்கள் என்கிறார்கள். அதே காசுக்கு இங்கேயே கண்டீரவா ஸ்டேடியத்தில் பல ஆட்டம் பார்க்கலாமே என்றும் தோன்றுகிறது. எதை வைத்து முடிவு செய்வது? எந்த சீட் எடுப்பது? எப்போது புக் செய்தால் காசு மாட்டிக்கொள்ளாது?

இடது_விங்கர்:
அணியின் பெயரைப் பார்ப்பதற்கு முன் தேதியைப் பாருங்கள். ஃபிஃபா விண்டோவுக்குள் (தேசிய அணி ஆட்டங்களுக்கென்று ஃபிஃபா ஒதுக்குகிற நாட்கள்) நடக்கிற ஆட்டம் என்றால் கிளப்புகள் வீரர்களை விட்டே ஆக வேண்டும். விண்டோவுக்கு வெளியே என்றால் அந்தக் கட்டாயம் இல்லை. பெயர் ‘தேசிய அணி’யாக இருக்கும், வருவது இரண்டாம் வரிசையாக இருக்கும்.

பாயிண்ட் இல்லை என்பது தவறு. 2018 முதல் தேசிய அணிகளின் ஃபிஃபா ரேங்கிங் கணக்கில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு எடை உண்டு. விண்டோவுக்கு வெளியே ஃபிரெண்ட்லி 5, விண்டோவுக்குள் 10, உலகக் கோப்பை தகுதிச் சுற்று 25. சம பலமுள்ள இரண்டு அணிகள் மோதினால் கணக்கில் எதிர்பார்க்கிற முடிவு 0.5, ஜெயித்தால் கிடைப்பது 1. வித்தியாசமான 0.5-ஐ எடையால் பெருக்குங்கள்: ஜெயித்த அணிக்கு 2.5, 5, 12.5 என்று வரும். எந்த ஆட்டத்தில் கோச் எவ்வளவு கவனமாக இருப்பார் என்பதற்கும் இந்த மூன்று எண்களே ஓரளவு விடை சொல்லும்.

ஆள் மாற்றம் உண்மைதான். போட்டி ஆட்டத்தில் 90 நிமிடத்துக்கு 5 பேர், அதுவும் மூன்று தடவைக்குள். ஃபிரெண்ட்லியில் அதைவிடக் கூடுதலாக மாற்றலாம். மூன்று நான்கு பேரைச் சேர்ந்தாற்போல் இறக்கியதும் பிரஸ்ஸிங் (பந்து வைத்திருப்பவரைச் சேர்ந்து நெருக்குவது) கலைந்து, ஆட்டம் துண்டு துண்டாகிவிடும். அதனால் நீங்கள் காசு கொடுப்பது முதல் ஒரு மணி நேரத்துக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மணி நேரம் நன்றாக அமைய நல்ல வாய்ப்பு, தகுதிச் சுற்றுக்குச் சில நாள் முன்னால் அதே ஊரில் வைக்கிற ஃபிரெண்ட்லியில்தான். 2025 மார்ச் 19 அன்று ஷில்லாங்கில் இந்தியா மாலத்தீவை 3-0 என்று வென்றது. ஓய்வு அறிவித்துவிட்டு அணிக்குத் திரும்பிய இந்திய ஸ்ட்ரைக்கர் சுனில் சேத்ரியும் கோல் அடித்தார். ஆறு நாள் கழித்து அதே மைதானத்தில் பங்களாதேஷுடன் ஆசியக் கோப்பைத் தகுதி ஆட்டம், 0-0. இரண்டையும் பார்த்தவர்களுக்கு, ஃபிரெண்ட்லியில் எளிதாகத் திறந்த இடங்கள் தகுதி ஆட்டத்தில் எப்படி அடைபட்டன என்பது நேரிலேயே தெரிந்திருக்கும்.

உங்கள் 6,000-க்குக் கொச்சி மட்டுமே சரிவரும். ஐலண்ட் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் எர்ணாகுளம், ஸ்லீப்பர் 400 ரூபாய் அக்கம்பக்கம். மைதானம் கலூரில், வாசலிலேயே மெட்ரோ. கொல்கத்தாவுக்கு ரயிலில் ஒரு பக்கத்துக்கே ஒன்றரை நாள் போய்விடும். ஷில்லாங்குக்கு கவுகாத்தி வரை விமானம், அங்கிருந்து 100 கிலோமீட்டர் மலைச்சாலை. 6,000-க்கு அது நடக்காது.

மேற்கு_பிளாக்:
சீட் பற்றி. கண்டீரவா, கொல்கத்தாவின் சால்ட் லேக் மைதானம் இரண்டிலும் தடகள ஓடுபாதை இருக்கிறது. எட்டு லேன் என்றாலே 10 மீட்டர் அகலம். கோலுக்குப் பின்னால் பாதை வளைந்து போவதால் அங்கே இடைவெளி இன்னும் அதிகம். டிவியில் பார்க்கிற ஆசையில் கோலுக்குப் பின்னால் எடுத்தால் எதிர்ப்பக்கக் கோல் எறும்பு ஊர்கிற மாதிரித்தான் தெரியும். பக்கவாட்டு கேலரியில் நடுக்கோட்டுக்கு நேராக, கீழிருந்து பத்து பன்னிரண்டு வரிசைக்கு மேலே எடுங்கள். முதல் வரிசைகளில் விளம்பரப் பலகையும் ரிசர்வ் பெஞ்சும் இந்தப் பக்கத்து டச்லைனை (பக்கக் கோட்டை) மறைத்துவிடும், த்ரோ இன் எடுப்பவரின் தலை மட்டும் தெரியும்.

கொச்சி மைதானம் கிரிக்கெட் ஓவல். ஓடுபாதை இல்லாவிட்டாலும் அதே தூரம்தான், அதே விதிதான். மும்பை அந்தேரி அரங்கம் வேறு ரகம். கால்பந்துக்கென்றே செவ்வகமாக அமைந்தது, கீப்பர் டிஃபென்டரைக் கூப்பிடுகிற குரல் வரை கேட்கும். அங்கே ஃபிரெண்ட்லி வைத்தால் யோசிக்காமல் போகலாம்.

மாலை 4, 5 மணி ஆட்டம் என்றால் மேற்கு கேலரி எடுங்கள், வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும். கிழக்கே உட்கார்ந்தவர்கள் முதல் பாதி முழுக்கக் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு பார்ப்பார்கள்.

அல்சூர்_ஏரிக்கரை:
ரொம்ப நன்றி. இன்னொன்று. போஸ்டரில் ஒரு நட்சத்திர வீரர் படம் போட்டு, டிக்கெட்டே நாலாயிரம் ஐயாயிரம் என்றால்?

பெட்டிக்குள்_பத்து:
வேண்டாம் என்பேன். 2024 பிப்ரவரி 4 அன்று ஹாங்காங்கில் மெஸ்ஸியின் கிளப்பான இன்டர் மயாமி ஆடியபோது அவர் கடைசி வரை பெஞ்சை விட்டு எழவில்லை. கூட்டம் காசைத் திருப்பிக் கேட்டுக் கத்தியது, கடைசியில் ஏற்பாட்டாளர் பாதிக் காசு தருவதாக அறிவித்தார். 2019 ஜூலையில் சியோலில் யுவென்டஸ் கிளப் ஆடியபோது அதன் வீரர் ரொனால்டோ 45 நிமிடமாவது ஆட வேண்டும் என்று ஒப்பந்தமே இருந்தது, ஆனாலும் அவர் இறங்கவில்லை. இரண்டுமே கிளப் காட்சி ஆட்டங்கள். ஒப்பந்தம் ஏற்பாட்டாளருக்கும் கிளப்புக்கும் நடுவே இருப்பது. உங்கள் டிக்கெட்டில் எந்த வீரரின் பெயரும் இருக்காது, அணி மாறலாம் என்ற வரிதான் இருக்கும். வாங்குமுன் அந்த வரியையும், ‘தள்ளிவைத்தால்’ என்ற வரியையும் படியுங்கள். ரத்தானால் பணம் வரும். தள்ளிப்போனால் பல இடங்களில் அதே டிக்கெட் புதிய தேதிக்குச் செல்லும், அவ்வளவுதான். 2025 நவம்பரில் அர்ஜென்டினா கொச்சிக்கு வருவதாக அறிவித்து, தள்ளிப்போனது நினைவிருக்கும்.

அதற்காக எல்லாப் பெரிய அணியையும் ஒதுக்க வேண்டாம். 2011 செப்டம்பர் 2 அன்று சால்ட் லேக்கில் அர்ஜென்டினா 1, வெனிசுலா 0. மெஸ்ஸி அடித்த கார்னரை ஒட்டமென்டி தலையால் முட்டி கோல். அது விண்டோவுக்குள் நடந்த ஆட்டம், அதே பயணத்தில் டாக்காவில் நைஜீரியாவுடன் இன்னொன்று. அப்படி அட்டவணை இருந்தால் நம்பலாம்.

புக்கிங் வரிசை: முதலில் ரயில். 60 நாள் முன்பே திறக்கும், சீக்கிரம் ரத்து செய்தால் பிடித்தம் சிறியது. அடுத்து, ரத்து செய்யக்கூடிய ரூம். கால்பந்துக் கூட்டமைப்பு ஆட்டத்தை உறுதி செய்த பிறகே மேட்ச் டிக்கெட். விமானம் கடைசியில். நிறைய பேர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள். இந்திய அணி ஆட்டத்துக்கு டிக்கெட் எப்போதும் கிடைக்கும் என்றும் நினைக்காதீர்கள். 2018 ஜூனில் அந்தேரியில் சீன தைபே (தைவான்) ஆட்டத்துக்கு வந்தவர்கள் 2,569 பேர். சேத்ரி வீடியோவில் கேட்டுக்கொண்ட பிறகு அடுத்த கென்யா ஆட்டத்துக்கு அரங்கமே நிரம்பியது.

தேசிய அணி ஆட்டத்தில் 500 ரூபாய் வரை ஜிஎஸ்டி இல்லை, தாண்டினால் 18 சதவீதம். விலைப் பட்டியலில் 499-க்குப் பக்கவாட்டு கேலரி மேல்வரிசை இருந்தால் அதையே எடுங்கள். பவர் பேங்க், சில்லறை, தண்ணீர் பாட்டில் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், பையை ரூமில் விட்டுவிட்டுப் போங்கள்.

இடது_விங்கர்:
கண்டீரவா கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அணி எப்படி உருவாகிறது என்று பார்க்க ஆசையென்றால் ஒரே மைதானத்தில் ஒரே அணியைத் தொடர்ந்து பார்ப்பதே லாபம். அசோக் நகர் ஸ்டேடியத்தில் மாநில லீக் நடக்கும்போது இன்னும் குறைந்த செலவில், இன்னும் பக்கத்திலிருந்து பார்க்கலாம். பெலேவுக்குச் சிலை வைத்த கௌதமபுரம் உங்களுக்கு நடக்கிற தூரம், எந்த ஆட்டம் என்றைக்கு என்று அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கொச்சிக்கு வருடத்தில் ஒன்று, அதுவும் விண்டோ தேதியில் வந்தால் மட்டும்.