சிண்ட்ரெல்லா கோட்டை: எந்நேரமும் கேமரா, எங்கே நின்றால் படம் தேறும்?

ஃப்ளோரிடாவில் டிஸ்னியின் கேளிக்கைப் பூங்காவான மேஜிக் கிங்டமில் இருக்கும் சிண்ட்ரெல்லா கோட்டையைப் பற்றிய இழை இது. 1971 அக்டோபர் 1 அன்று பூங்கா திறந்ததிலிருந்து, திறந்திருக்கும் நேரத்தில் அதை யாரும் படம் எடுக்காத நிமிடம் ஒன்று இருந்திருக்குமா என்பதே சந்தேகம். எல்லோரும் எடுக்கிறார்கள், அதுவும் ஒரே இடத்தில் நின்று எடுக்கிறார்கள். அதனால் ஒருவர் படத்தில் இன்னொருவர் முதுகு. போய்வந்தவர்கள் கவனித்ததைப் போடுங்கள். "சூப்பரா இருந்துச்சு" வேண்டாம். எந்த இடம், எந்த நேரம், எந்த லென்ஸ், எது சொதப்பும், ஏன். அவ்வளவு போதும்.

*

நெரிசல் கோட்டையடியில் தொடங்குவதில்லை, வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. உள்ளே நுழைந்ததும் ரயில் நிலையக் கட்டடம் கோட்டையை மறைத்து நிற்கும். அதன் கீழே இடமும் வலமுமாக இரண்டு வழிகள். அதைக் கடந்து சதுக்கத்துக்கு வந்து, கோட்டைக்குப் போகும் கடைத்தெருவான மெயின் ஸ்ட்ரீட்டுக்கு நேராகத் திரும்பும்போதுதான் கோட்டை முழுசாகக் கண்ணில் படும். திட்டமிட்டே இப்படிக் கட்டியிருக்கிறார்கள். பார்த்த மாத்திரத்தில் கால் நின்றுவிடும், கை ஃபோனைத் தேடும், பின்னால் ஸ்ட்ரோலர் தள்ளி வருபவர் குதிகாலில் இடிப்பார். முதல் படத்தை அங்கே எடுக்காதீர்கள். நடைபாதை ஓரமாக நாலு கடை தாண்டிப் போய் எடுங்கள், ஆள் பாதிதான் இருக்கும். தெரு நடுவில் குதிரை இழுக்கும் டிராமுக்குத் தண்டவாளம் உண்டு. ஃபோன் திரையைப் பார்த்தபடியே பின்னால் நகர்பவர்களை ஊழியர்கள் நாள் முழுக்க ஒதுக்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

*

தூரக் கணக்கு சொல்கிறேன். கோட்டை உயரம் 189 அடி, ஏறக்குறைய 57.6 மீட்டர். ஃபோனின் சாதாரண லென்ஸ், அதாவது 24 மி.மீ. அளவு, நிமிர்த்தி, மேலே சாய்க்காமல் பிடித்தால் கோட்டை உச்சி வெட்டாமல் வர சுமார் 80 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். படுக்கைவாட்டில் பிடித்தால் 105 மீட்டர். 2 மடங்கு ஜூமில், நிமிர்த்திப் பிடித்தாலும், 155 மீட்டர்.

பக்கத்தில் போய் ஃபோனை மேலே சாய்த்தால் கோபுரங்கள் பின்னால் விழுவது மாதிரி வரும். ஃபோனின் மிக அகன்ற 0.5 லென்ஸ் இன்னும் மோசம். கோட்டை ஏற்கெனவே கண்ணை ஏமாற்றும் கட்டடம்: மேலே போகப் போக ஜன்னலும் கல்வரியும் சின்னதாகும், அதனால் இருப்பதைவிட உயரமாகத் தெரியும். அகன்ற லென்ஸ் அந்த வித்தையைக் கெடுத்து கல்யாண கேக் மேல் வைத்த பொம்மை அளவுக்குக் கொண்டுவந்துவிடும். தெருவிலேயே தள்ளி நின்று 2 மடங்கோ 3 மடங்கோ ஜூம் செய்தால் இரு பக்கக் கடைகளும் சட்டம் போட்டது போல நிற்க, நடுவில் கோட்டை பெரிசாக எழும்பும்.

*

குடும்பப் படத்தில் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று இருக்கு. எடுக்கிறவர் இங்கேயே நிற்பார், மத்தவங்க கோட்டையை நோக்கி இருபது அடி நடந்து போவாங்க. முகம் கடுகு அளவுக்கு ஆயிடும். போக வேண்டாம். கேமராவிலிருந்து 2, 3 மீட்டரில் நில்லுங்க, கோட்டை எங்கேயும் ஓடாது. கேமரா நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். நடுக்கோபுரத்துக்கு நேர் கீழே தலை வந்தால் மண்டையிலிருந்து ஈட்டி முளைச்ச மாதிரி ஆகும், ஒரு தோள் அகலம் தள்ளி நிக்கச் சொல்லுங்க.

இன்னொன்று. பூங்காவின் ஃபோட்டோபாஸ் படக்காரங்க கோட்டைக்கு முன்னால் குறிப்பிட்ட இடங்களில் நிற்பாங்க. அவங்க கேமராவில் எடுத்த படத்துக்குத்தான் காசு, உங்க ஃபோனைக் கொடுத்தால் சும்மாவே எடுத்துத் தருவாங்க. கோணமும் அவங்களுக்கு அத்துப்படி. வரிசை நீளமாக இருந்தால், அவங்களை மறைக்காமல் பக்கவாட்டில் ரெண்டு அடி தள்ளி நின்னாலும் கிட்டத்தட்ட அதே ஃப்ரேம்தான்.

*

வெளிச்சத்தைப் பற்றி யாரும் எழுதவில்லையே. கோட்டையின் முகம் ஏறக்குறைய தெற்குப் பார்த்தது. டிசம்பரில் வெயில் நாள் முழுக்க முன்பக்கம்தான், நண்பகலில்கூட சூரியன் 38 டிகிரி உயரம்தான் ஏறும். மாலை 4:30 முதல் 5:30 வரை இடப்புறமிருந்து மஞ்சள் வெயில் விழும்போது எப்படி எடுத்தாலும் படம் தேறும்.

ஜூன் மாதம் நேர்மாறு. சூரியன் வடகிழக்கில் உதித்து வடமேற்கில் மறைகிறது. காலை 11 மணி வாக்கு வரைக்கும், மாலை 4 மணிக்குப் பிறகும் கோட்டை முகத்தில் நேர் வெயிலே படாது, வானம் மட்டும் வெளுத்துப்போகும். இடையில் இருக்கும் நேரத்தில் சூரியன் உச்சந்தலையில், 85 டிகிரி வரைக்கும் போகும், கண்குழியில் கருநிழல். கோடையில் போகிறவர்கள் காலை நிழலையே பயன்படுத்துங்கள்: முகமும் கோட்டையும் ஒரே நிழலில் இருப்பதால் சமமாக வரும், வெளிச்ச அளவை மட்டும் சற்றுக் குறைத்து வானத்தைக் காப்பாற்றுங்கள்.

*

கூட்டமில்லாத படம் வேண்டுமென்றால் இரண்டே நேரம். அதிகாரபூர்வமாகத் திறக்கும் முன் மெயின் ஸ்ட்ரீட்டுக்குள் விடுவார்கள், அப்போது முதல் ஆட்களில் ஒருவராக இருக்க வேண்டும். இல்லையென்றால் இரவு மூடிய பிறகு: தெருக்கடைகள் இன்னும் கொஞ்ச நேரம் திறந்திருக்கும், கோட்டை விளக்கும் எரியும், அரைமணி முக்கால்மணி பொறுத்தால் தெரு காலியாகும்.

ஏசி கடைக்குள்ளிருந்து நேராக வெளியே வந்து எடுக்காதீர்கள். கோடையின் ஈரக்காற்றில் லென்ஸ் சட்டென்று பனி பூத்துவிடும், துடைத்தாலும் திரும்பப் பூக்கும். கேமராவைப் பைக்குள்ளேயே 15, 20 நிமிடம் விட்டு எடுங்கள்.

வாணவேடிக்கைக்கு ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துளை அளவு) 8 சரி. ஆனால் கோட்டைமேல் ப்ரொஜெக்டர் ஒளியும் விழுவதால் 5, 6 விநாடி ஷட்டரைத் திறந்து வைத்தால் கோட்டை வெள்ளைத் திட்டாகிவிடும். 1, 2 விநாடியில் நிறுத்துங்கள். காற்று இல்லாத இரவில் முதல் சில வெடிகள்தான் சுத்தமாக வரும், அப்புறம் புகை.

செல்ஃபி ஸ்டிக் 2015 ஜூன் 30 முதல் தடை. சாதாரண முதுகுப்பைக்குள் அடங்காத ட்ரைபாடோ, 6 அடிக்கு மேல் நீளும் ட்ரைபாடோ கூடாது. ட்ரோன் பேச்சே வேண்டாம், அந்த வான்பரப்பே தடைசெய்யப்பட்டது.

*

இத்தனை படம் குவிவதில் ஒரு லாபம் உண்டு: பழைய ஆல்பத்தில் தேதி இல்லாத படம் கிடைத்தால் கோட்டையே தேதி சொல்லும். முன்னால் வால்ட் டிஸ்னியும் மிக்கியும் கைகோத்து நிற்கும் சிலை இல்லையா? 1995க்கு முந்தையது. இளஞ்சிவப்புப் பிறந்தநாள் கேக் போலச் சோடித்திருக்கிறதா? 25ஆம் ஆண்டு விழாவுக்காக 1996 அக்டோபரில் தொடங்கி ஒரு வருடத்துக்கு மேல் அப்படித்தான் இருந்தது. அந்தச் சமயம் போய் மாட்டிக்கொண்ட குடும்பங்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. ரோஜா நிறச் சுவரும் கருநீலக் கூரையும் என்றால் 2020இல் அடித்த வண்ணம்.

*

முன்பக்கம் இவ்வளவு பேர் முட்டிக்கொள்கிறார்கள், பின்பக்கம், பூங்காவின் ஃபேன்டஸிலேண்ட் என்ற பகுதிப் பக்கமாக, ஒரு சிண்ட்ரெல்லா சிலை நீரூற்றோடு இருக்கிறது. பலரும் நின்றவாக்கில் ஒரு கிளிக் அடித்துவிட்டுப் போகிறார்கள். சிலைக்குப் பின்சுவரில் ஒரு கிரீடம் வரைந்திருக்கிறது. பெரியவர் உயரத்தில் பார்த்தால் அது தலைக்குச் சம்பந்தமில்லாமல் இருக்கும். முழங்கால் மடித்து, சின்னக் குழந்தையின் கண் உயரத்துக்கு ஃபோனை இறக்குங்கள், கிரீடம் தலைமேல் வந்து உட்காரும்.