சுலைமானியாவில் கேட்டதும் பார்த்ததும் – அந்தப் பக்கம் போனவர்கள் சொல்லுங்கள்

#1
வடக்கு ஈராக்கில் குர்துகளின் ஊரான சுலைமானியாவில் பதினான்கு மாதம் கட்டட வேலையில் இருந்தேன். ஊர்க்காரர்கள் வாயில் அது 'ஸ்லேமானி'. இங்கே யாராவது போயிருந்தால் எழுதுங்கள், நான் ஆரம்பிக்கிறேன்.

கடைத்தெருவில் ஒரு டீக்கடை. இடுப்பு ஒடுங்கிய சின்னக் கண்ணாடிக் குவளையில் கறுப்புத் தேநீர், அடியில் கரையாமல் கிடக்கும் சர்க்கரை. டோமினோ ஆடிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து "ஹிந்தி?" என்றார். அங்கே இந்தியனுக்கு அதுதான் பெயர். தலையாட்டினேன். அவர் பேரனிடம் ஏதோ சொல்ல, அவன் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னான்: "எங்கள் ராஜாவை உங்கள் நாட்டில்தான் வைத்திருந்தார்களாம்."

அப்புறம் நாலு டீ முடியும்வரை அந்தக் கதைதான். ராஜா என்றது ஷேக் மஹ்மூத் பர்ஸன்ஜியை. 1919-இல் பிரிட்டிஷாரை எதிர்த்துக் கிளம்பி, பாசியான் கணவாயில் காயம்பட்டுப் பிடிபட்டார். அந்த இடத்துப் பாறைக்கு 'பர்தா கரமான்', வீரனின் பாறை, என்று பெயர். மரண தண்டனை விதித்து, பிறகு அதைக் குறைத்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். 1922-இல் துருக்கியர் நெருக்கியபோது சுலைமானியாவைக் கையில் வைத்திருக்க வேறு ஆள் கிடைக்காமல் அவரையே திரும்ப அழைத்து வந்தார்கள். வந்தவர் அந்த நவம்பரிலேயே தன்னைக் குர்திஸ்தான் அரசராக அறிவித்துவிட்டார்! ஆங்கிலேயர் விமானம் அனுப்பிக் குண்டு போட்டார்கள். 1924-இல் ராஜ்யம் முடிந்தது.

அவரை அடக்கப் போன படையில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். பெரியவருக்கு அதுவும் தெரியும். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "அப்போது நீங்களும் வெள்ளைக்காரன் கீழேதானே இருந்தீர்கள்" என்று சொல்லிவிட்டு டோமினோவுக்குத் திரும்பினார். டீக்கு என்னைக் காசு கொடுக்க விடவில்லை.

#2
அந்த ஊரில் என் கணவருக்கு இரண்டு வருடம் வேலை. எங்களுக்குச் சொந்த ஊர் காயல்பட்டினம். போன முதல் நாளே காய்கறிக் கடையில் ஒரு பையன் கடைக்காரரைக் "காகா" என்று கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்துவிட்டேன். எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். குர்து மொழியிலும் அண்ணனுக்கு அதே சொல். இதை வைத்து இரண்டு மொழிக்கும் உறவு என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம், அவர்கள் மொழி பாரசீகத்துக்குத்தான் சொந்தம். ஆனால் அன்றைக்கு எனக்கு அந்தச் சொல் போதுமாக இருந்தது.

எதைக் கேட்டாலும் "சர் சாவ்" என்பார்கள். என் கண்மேல் என்று அர்த்தம். சமைத்துப் போட்டவருக்கு "தஸ்த் ஹோஷ்", உங்கள் கை நன்றாக இருக்கட்டும்.

மார்ச் 21 நவ்ரோஸ். முந்தின சாயங்காலமே தீ மூட்டிவிடுவார்கள். கொடுங்கோலன் ஸஹாக்கைக் காவா என்ற கொல்லன் அடித்து வீழ்த்தியதற்கு அடையாளமாம் அந்தத் தீ. மறுநாள் ஊரில் ஒரு மனிதர் இருக்க மாட்டார், எல்லோரும் மலையில். இப்படிக் குடும்பத்தோடு வெளியே போய் உண்டு ஆடிவிட்டு வருவதற்குச் 'சைரான்' என்று பெயர். பக்கத்து வீட்டு அம்மா விடிய விடிய திராட்சை இலையில் அரிசி வைத்துச் சுருட்டிய 'யாப்ராஹ்' ஒரு அண்டா நிறைய. ஆணும் பெண்ணும் கைகோத்து வரிசையாக ஆடும் 'ஹல்பர்கே'வில் என்னையும் இழுத்துவிட்டார்கள். இரண்டடி முன்னே, ஓரடி பின்னே என்று நினைத்துக் கால் வைத்தால் தப்பு. கடைசிவரை எனக்கு வரவில்லை.

#3
இரண்டு பதிவும் நன்றாக இருக்கிறது. நான் வேறொன்றைச் சொல்ல வேண்டும்.

ஊருக்குள்ளேயே 'அம்னா சூரகா' என்று சிவப்புக் கட்டடம் ஒன்று உண்டு. சதாம் காலத்து உளவுப் படையின் சிறை. 1991 எழுச்சியில் மக்கள் பிடித்த இடம், இன்று அருங்காட்சியகம். சுவரில் குண்டுத் துளைகளை அப்படியே விட்டிருக்கிறார்கள். நுழைந்ததும் ஒரு நடைவழி, சுவரெல்லாம் உடைந்த கண்ணாடிச் சில்லுகள். மொத்தம் 1,82,000. 1988-இல் சதாம் அரசு குர்துகள்மேல் நடத்திய 'அன்ஃபால்' படை நடவடிக்கையில் கொல்லப்பட்டவர்கள் என்று குர்துகள் சொல்லும் எண்ணிக்கை அது. மேலே 4,500 சின்ன விளக்குகள், அழிக்கப்பட்ட ஊர்களுக்கு ஒன்று வீதம். ஒவ்வொரு சில்லிலும் நம் முகம் துண்டு துண்டாகத் தெரியும். பாதி வழியில் தலையைக் குனிந்துகொண்டேன்.

மறுநாள் ஹலப்ஜா. 1988 மார்ச் 16 அன்று விமானத்திலிருந்து விஷவாயு வீசியதில் ஏறக்குறைய 5,000 பேர் இறந்த ஊர். ஆப்பிள் வாசனை வந்தது என்று பிழைத்தவர்கள் சொல்வார்கள். என் வண்டி ஓட்டுநர் அந்த ஊர்க்காரர். நினைவிடத்தின் வாசலில் என்னை இறக்கிவிட்டார், உள்ளே வரவில்லை. திரும்பும்போதும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வழியில் வண்டியை நிறுத்தி ஒரு பை மாதுளை வாங்கி என் மடியில் வைத்தார். "ஹலப்ஜா என்றால் இது" என்றார்.

அதே ஹலப்ஜாவை நூறு வருடத்துக்கு முன் ஆண்டது அதேலா கானும் என்ற பெண். சந்தை கட்டி, வழக்கு விசாரித்துத் தீர்ப்பும் சொன்னவர். பிரிட்டிஷார் அவருக்குக் கொடுத்த பட்டம் என்ன தெரியுமா? கான் பகதூர். நம்மூர் முஸ்லிம் பிரமுகர்களுக்குக் கொடுத்த அதே பட்டம்.

#4
துருக்கியின் தியார்பக்கிரில் பழகிய குர்து நண்பரிடம் நான் சுலைமானியாச் சொற்கள் நாலை எடுத்துவிட்டுச் சிரிப்புக்கு ஆளானேன். அவர்கள் பேசுவது குர்து மொழியின் குர்மாஞ்சி வழக்கு, லத்தீன் எழுத்து. சுலைமானியாவில் ஸொரானி வழக்கு, அரபியிலிருந்து வந்த எழுத்து. அவருடைய பள்ளி நாட்களில் துருக்கியில் குர்து மொழிக்கே தடை, 1991-இல்தான் அந்தச் சட்டம் போனது. சுலைமானியாவில் சாலைக்கே சாலிம், மௌலவி என்று குர்துக் கவிஞர்கள் பெயர் என்றதும் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

#1
இதையெல்லாம் படித்ததும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. கிளம்பும் வாரம் அந்த டீக்கடைக்குப் போனேன். பெரியவர் ஒரு ஜோடி 'க்லாஷ்' காலணி கொடுத்தார். ஹவ்ராமான் மலையில் செய்வது, துணியை இறுக்கித் தைத்த அடி, மேலே வெள்ளை நூல் பின்னல். வீட்டில் அம்மா அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு "இதுல வலது எதுடா?" என்றாள். க்லாஷுக்கு வலது இடது கிடையாது. பெரியவரும் அதைச் சொல்லாமல்தான் கொடுத்திருந்தார், நானும் இரண்டு நாள் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.