குலசை வேசமும் பிளாஸ்டிக்கில் நிற்காத பெயிண்டும்

தசரா நெருங்கினால் எங்கள் பக்கம் குலசை, அதாவது குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்கு மாலை போட்டு வேசம் கட்டுகிறவர்கள் வேசச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்துவிடுவார்கள். சுவர் விளம்பரம் எழுதுகிறவன் எதில் வேண்டுமானாலும் பெயிண்ட் அடிப்பான் என்று ஒரு நம்பிக்கை. முன்பு அட்டையும் தகரமுமாக வரும். இப்போது பிளாஸ்டிக்கும் நிறைய வருகிறது.

சூலத்தில் தொல்லையே இல்லை. பிவிசி பைப் கெட்டியான சரக்கு. 320 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேய்த்து, பாத்திரம் கழுவுகிற சோப்புப் போட்டு அலசி, காய்ந்ததும் தண்ணீரில் கலக்கிற அக்ரிலிக் பெயிண்டை மெல்லிசாக இரண்டு மூன்று கோட்டிங் கொடுத்தால் போதும்.

வம்பு காளியின் கைகளில்தான். போன வருசம் ஒரு தம்பி எண்ணெய் கேனை வெட்டிக் கைகள் செய்து வந்தான். "நல்ல கெட்டிக் கேன் அண்ணாச்சி, ரெண்டு கோட்டு அடிச்சா நின்னுரும்" என்றான். கெட்டி வேறு, பெயிண்ட் பிடிப்பது வேறு. மிச்சம் கிடந்த அடிப்பாகத்தைத் திருப்பிக் காட்டினேன்: முக்கோணத்துக்குள் 2. அது பாலிஎத்திலீன். 5 என்றால் பாலிபுரோப்பிலீன். இரண்டிலும் தண்ணீர் பரவாமல் முத்து முத்தாக உருளும். தண்ணீரில் கலக்கிய அக்ரிலிக் மட்டும் எப்படி ஒட்டும்? அவன் நம்பவில்லை. சரி என்று ஒரு கைக்கு மட்டும் நீலம் அடித்து வெயிலில் வைத்தோம். சாயங்காலம் மணிக்கட்டில் நகத்தை வைத்து இழுத்தான், விரல்வரை பாம்புச் சட்டை மாதிரி உரிந்து வந்தது. அப்புறம் பசையில் நனைத்த வேட்டித் துணியை இறுக்கிச் சுற்றி, துணிமேல் அடித்துக் கொடுத்தேன்.

மண்டையோட்டு மாலை இன்னொரு ரகம். பக்கத்து வீட்டு மதினி கொண்டுவந்தது, அமுக்கினால் அமுங்குகிற பொம்மைத் தலைகள். ஏற்கெனவே ஸ்பிரே அடித்திருந்தார். "வெயில்லயேதான் கிடக்கு, இன்னும் பிசுபிசுங்குதே" என்றார். இதுவும் பிவிசிதான், ஆனால் வளைந்து கொடுக்க எண்ணெய் மாதிரி ஒன்றைச் சேர்த்திருப்பார்கள். ஸ்பிரேயில் இருக்கிற தின்னர் மேல்தோலை இளக்கிவிடும், அந்த எண்ணெய் பெயிண்டுக்குள் ஏறிக்கொண்டே இருக்கும். வெயில் என்ன செய்யும், பாவம்! வேறு தலைகள் வாங்கிவரச் சொல்லி, சோப்பில் கழுவி, தண்ணீர் அக்ரிலிக்கை நேரடியாக மெல்லிசாக அடித்தோம். தடிமனாக அடித்தால் அமுக்கும்போது வெடிக்கும். மேலே ஸ்பிரே வார்னிஷும் கூடாது, மறுபடி பிசுபிசுப்புத்தான்.

கார் பம்பருக்கு அடிக்கிற பிளாஸ்டிக் பிரைமர் 5-ஆம் நம்பர் வாளியில் நன்றாகவே பிடித்தது. 2-ஆம் நம்பர் கேனில் யாராவது அடித்துப் பார்த்திருந்தால் சொல்லுங்கள்.